நாலரை ஆதாரம்

"இருபத்துமூணாம் தேதிப் பேப்பரை எவ பிரிச்சது?"

"நான்தாம்ப்பா."

"ஏட்டி, இன்னைக்கு என்ன தேதி?"

"ஜூன் ரெண்டு."

"நம்ம வீட்ல?"

நீலாவதி சொல்லாவிட்டாலும் அந்தக் க்வார்ட்டர்ஸ் வரிசைக்கே விடை தெரியும். காலண்டரில் ஜூன் இரண்டு என்றால் திருநாவுக்கரசு வீட்டில் மே பதினாறு.

தீவுக்கு மெட்ராஸ் கப்பல் பதினாலு நாளைக்கு ஒரு தடவை வரும். மச்சினர் கோவிந்தராஜ் பதினாலு நாள் பேப்பரையும் அடுக்கிச் சணல் கயிறு போட்டுக் கட்டி, தெரிந்த ஆள் மூலம் கப்பலில் ஏற்றிவிடுவார். ஹாடோ க்வார்ட்டர்ஸில் மற்ற வீடுகளில் கட்டு வந்ததும் கடைசித் தேதியை உருவிப் படித்துவிட்டு மீதியை அலமாரிக்கு விரிப்பார்கள். துறைமுக ஆபீஸ் ஹெட்கிளார்க் திருநாவுக்கரசு அந்த ரகம் இல்லை. நாளுக்கு ஒரு பேப்பர், காலைக் காப்பியோடு, தேதி வரிசைப்படி. நாளைய பேப்பர் கட்டிலுக்கு அடியில் கிடந்தாலும் அவருக்கு அது நாளைய பேப்பர்தான்.

"மாமா அதுக்குள்ள எனக்கு ஒரு ஆய்வு இதழ் வச்சு அனுப்பியிருக்காகப்பா. ஆறு நாளா ஒங்க கட்டிலுக்கு அடியில கெடக்கு."

"கெடந்தா என்ன? இருபத்துமூணாம் தேதி வரும்போது நானே எடுத்துத் தந்திருப்பேன்லா?"

"நீங்க எடுத்துத் தார அன்னைக்குத்தான் மெட்ராஸ்ல எனக்கு நேர்காணல்!"

மடக்கினால் திருநாவுக்கரசு குரலைத் தாழ்த்துவார்.

"சரி, பிரிச்சது பிரிச்சே. படிக்கலையே?"

இரண்டு மாதமாக அவர் ஒரு நகைக்கடைக்காரர் கொலை வழக்கை விடாமல் தொடர்ந்து வருகிறார். மே பதினாறில் இன்னும் சாட்சி விசாரணைதான் நடக்கிறது.

"படிக்கலப்பா. மொதப் பக்கத்துலயே பெருசா போட்டிருந்தான், கண்ணுல பட்டுட்டு. அவனுக்குத் தூ..."

"சொல்லாத!"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஒரு கையில் காப்பி டம்ளர் இருந்தது. வெள்ளைச் சட்டை போயிற்று.

அடுப்படியிலிருந்து ஜெயலட்சுமி ஈரத் துணியோடு வந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதரின் சட்டையைத் துடைத்த அனுபவம் நிறைய. துடைத்தபடியே மகள் கையில் இருந்த இதழைப் பார்த்தாள். சாம்பல் நிற அட்டை. படம் கிடையாது, நடிகை கிடையாது, உள்ளே பொடிப் பொடியாக இங்கிலீஷ்.

"இதுதானா அந்த ஆதாரம்?"

"இது ஒண்ணும்மா. இன்னும் நாலு வேணும்."

ஐந்து என்ற கணக்கு போன வாரத்து விமானத் தபாலில் வந்தது. நீலாவதி எம்.ஏ. முடித்த கல்லூரியில் சினிமாவைப் பற்றி ஆய்வு செய்ய முதல்முறையாக ஓர் இடம் திறந்திருக்கிறார்கள். ஒரே இடம். அதற்கு அவள் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லோரும் கலந்து குடியேறிய இந்தத் தீவுக் கிராமங்களில் சர்க்கார் வண்டி ஒரு தமிழ்ப் படத்தைக் காட்டினால், தமிழ் தெரியாத ஜனம் அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் பொருள்.

பேராசிரியை சந்திரமதி பதில் போட்டிருந்தார். பொருள் நன்று, யாரும் தொடாதது. ஆனால் பதினாலு அடிக்குறிப்பில் ஒன்பது சினிமாப் பத்திரிகை, நான்கு தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகம், ஒன்று அம்மா. 'மொழி தெரியாதவர்களும் தாய் அழும் காட்சியில் அழுகிறார்கள். என் அம்மா நேரில் கண்டு சொன்னது.' அதற்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: அம்மாவை நீக்கவும். ஆய்வு நூல், ஆய்வு இதழ், அரசு அறிக்கை, நேரில் எழுதப்பட்ட பதிவேடு, இவற்றில் குறைந்தது ஐந்து இல்லாமல் நேர்காணலுக்கு வர வேண்டாம்.

அம்மாவை நீக்கவும் என்ற வரியை நீலாவதி வாய்விட்டுப் படித்திருக்க வேண்டாம். ஜெயலட்சுமிக்கு அது இன்னும் செரிக்கவில்லை. பெரார்கஞ்சில் நனைந்துகொண்டு நின்று பார்த்தவள் அவள். சிவப்பு மைக்காரி எங்கே நின்று பார்த்தாளாம்?

திருநாவுக்கரசுக்கோ அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. எண்ணிக்கை போட்டு எழுதிய கடிதம் அவருக்கு எப்போதுமே பிடிக்கும். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அஞ்சு இருந்தா கப்பல், நாலு இருந்தா பாராடாங்.

பாராடாங் என்றால் இன்னொரு தீவு; அங்கே மரக் கான்ட்ராக்டர் பழனிசாமியின் மகன் உதயசூரியன். பெண் கேட்டு இரண்டு தடவை ஆள் விட்டிருக்கிறார்கள். பையன் மேல் ஜெயலட்சுமிக்கு ஒரு குறையும் இல்லை. பாராடாங் மேல்தான் குறை. மெட்ராஸுக்கு மூன்று நாள் கப்பல் என்றால் மூன்று நாள். பாராடாங் போட் எப்போது கிளம்பும் என்று போட்டுக்கே தெரியாது.

கப்பல் நாளைக் காலை. பயணிகள் பட்டியலை இன்று நாலு மணிக்கு மூடுவார்கள். பட்டியலில் நீலாவதி பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டியதும், அதை அடித்துவிட்டுக் காத்திருக்கிற பதினேழு பேரில் ஒருவருக்குத் தர வேண்டியதும் ஹெட்கிளார்க்கின் வேலை.

"நாலு மணிக்கு ஆபீஸுக்குக் கொண்டு வா. எண்ணிப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு போனார்.

நீலாவதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நாலு புஸ்தகத்துக்கு இந்தத் தீவுல நான் எங்கம்மா போவேன்?"

"எந்திரி. எந்த வீட்ல என்ன இருக்குன்னு எனக்கா தெரியாது?"

இது வெறும் தைரியப் பேச்சு இல்லை. ஹாடோவிலிருந்து புரோத்ராபூர் வரை யார் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்ன, யார் வீட்டுப் பரணில் என்ன என்று ஜெயலட்சுமிக்கு அத்துப்படி. இத்தனை வருஷமும் அதற்கு ஊரில் வேறு பெயர் இருந்தது. இன்றைக்குத்தான் முதல்முறையாக அது ஆராய்ச்சி.

முதலில் நூலகம். நூலகர் பாலசுப்பிரமணியம் தீவிலேயே பிறந்தவர். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார்.

"சினிமாவா? சினிமா புக் இங்க கஹாங் மிலேகா, பெஹன்ஜி? பொழுதுபோக்குன்னு ஒரு டிராயர் இருக்கு. அதுல சீட்டு வித்தை, தோட்டக்கலை. பஸ், அவ்வளவுதான்."

நீலாவதி புத்தக அட்டைகள் அடுக்கிய டிராயரை இழுத்துத் தானே புரட்டினாள். பொழுதுபோக்கில் ஒன்றும் இல்லைதான். அரசு வெளியீடு என்ற டிராயரில், சினிமாத் தொழிலை ஆராய மத்திய சர்க்கார் போட்ட ஒரு கமிட்டியின் அறிக்கை கிடைத்தது. அதைத் தேடி அலமாரிக்குப் போன இடத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகம் கண்ணில் பட்டது. கிராமம் கிராமமாக எத்தனை பேர் என்ன மொழி பேசுகிறார்கள் என்ற அட்டவணை.

"இதுல எங்கட்டி சினிமா இருக்கு?"

"சினிமா இல்லம்மா. பாக்குதவங்க இருக்காங்க. பெரார்கஞ்சுல நூத்துக்கு எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்னு வேற எதை வச்சு நான் சொல்லுவேன்?"

அறிக்கை, அட்டவணை. ஆக மூன்று. ஆனால் இரண்டும் வெளியே போகாத புத்தகங்கள். உட்கார்ந்து கையால் நகல் எடுக்க இரண்டு நாளாகும். பாலசுப்பிரமணியம் தலையை ஆட்டிவிட்டார். "ரூல் ஹை. ரெஃபரன்ஸ் பாஹர் நஹி ஜாயேகா."

"நல்லது, ரூல் ரூல்தான்" என்றாள் ஜெயலட்சுமி. "சம்சாரம் மெயின்லேண்ட்ல பிரசவத்துக்குப் போயி மூணு மாசம் ஆகுதே, தம்பி சாப்பாட்டுக்கு என்ன செய்தீக? அபெர்டீன் பஜார்ல அந்த ஓட்டல் வாசல்ல ஒங்க சைக்கிளை ராத்திரி பகல்னு பாக்கதாச் சொன்னாக. அந்த அம்மாவுக்குக் காகிதம் எழுதும்போது ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு நானே ஒரு வரி போடட்டா?"

ஓட்டல்காரரின் மகள் கல்லாவில் உட்கார்கிறவள். இதை யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

பாலசுப்பிரமணியம் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். "நாளைக் காலையில கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி திருப்பிடணும். டீக் ஹை?"

"டீக் ஹை" என்றாள் ஜெயலட்சுமி. அவளுக்கு வருகிற ஹிந்தி அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே இருபது வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

வெளியே வந்ததும் நீலாவதி கேட்டாள்: "என்னம்மா இது, அநியாயமா?"

"சாப்பாட்டைப் பத்திக் கேட்டேன். அதுல என்ன அநியாயம்?"

அடுத்தது சென் டாக்டர் வீடு. போன மழைக்காலம் ஊசி போட்டுக்கொள்ளப் போனபோது, டாக்டர் சம்சாரத்தின் தையல் மிஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் தடிப் புத்தகம் ஒன்று முட்டுக் கொடுத்திருந்ததை ஜெயலட்சுமி பார்த்திருந்தாள். அட்டையில் பிலிம் சுருள் படம். எழுதியவர் யாரோ வெளிநாட்டுக்காரர். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதிலேயே பேச்சில்லாமல் எப்படிக் கதை சொல்லலாம் என்று முந்நூறு பக்கம். கல்கத்தாவில் படித்த காலத்தில் டாக்டர் வாங்கினதாம். டாக்டர் சம்சாரம் சிரித்துக்கொண்டே உருவிக் கொடுத்தாள். மிஷினுக்கு ஜெயலட்சுமி ஒரு செங்கல் தேடி வைத்துவிட்டு வந்தாள்.

நான்கு. மணி ஒன்று. சாப்பிட உட்காராமல் நீலாவதி சோற்றைப் பிசைந்துகொண்டே பக்கம் புரட்டினாள். ஐந்தாவது எது என்று இருவருக்குமே தெரியும். அது பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து க்வார்ட்டர்ஸ் மத்தியாஸ் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சர்க்கார் படவண்டியில் புரொஜக்டர் ஆபரேட்டர். பெரார்கஞ்ச், பாராடாங் என்று ஊர் ஊராகப் போய், மைதானத்தில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவார். தமிழ்ப் படமானால் நடுநடுவே ரீலை நிறுத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு தீவு ஹிந்தியில் கதை சொல்லுவார்: "ஏ ஜோ ஆத்மி ஹை, உஸ்கா சகா பாய் ஹை. லேகின் உஸ்கோ மாலும் நஹி." இவன் அவனுடைய சொந்த அண்ணன், ஆனால் அவனுக்குத் தெரியாது. கூட்டம் ஓவென்று அலறும். ரீல் மறுபடி ஓடும்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். முடிந்துபோன பழைய பதிவேடு வீட்டில்தான் இருந்தது. கேட்டதும் மத்தியாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"என் நோட்டு மெட்ராஸ் காலேஜுக்குப் போகுதா? எடுத்துட்டு வா சிசிலியா! நாலு வருஷம், ஒரு காட்சி விடல."

உள்ளே போன அவர் மனைவி சிசிலியா வர நேரமானது. கொண்டுவந்து கொடுத்தபோது நோட்டின் ஒரு நுனியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுல என்னத்தப் பாக்கப் போறீக? எல்லாம் கிறுக்கல்."

"படிச்ச புள்ள பாக்கட்டும். நமக்கென்ன" என்று வாங்கிக்கொண்டாள் ஜெயலட்சுமி. சிசிலியாவின் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டது அவள் வழக்கத்துக்கே விரோதம்.

வீட்டில் நீலாவதி கோடு போட்ட தாளில் அட்டவணை தயாரிக்க ஆரம்பித்தாள். தேதி, ஊர், படம், வந்தவர்கள் எண்ணிக்கை. இரண்டரை மணிக்கெல்லாம் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது.

"அம்மா, இங்க பாருங்க! தமிழ் ஊருக்குச் சராசரி இருநூத்தி நாப்பது. வங்காளி ஊருக்கு இருநூத்தி நாப்பத்தஞ்சு. பாஷை தெரியாட்டியும் கூட்டம் கொறையல. இந்த ஒரு டேபிள்தான் என் கட்டுரைக்கே உயிர். நேர்காணல்ல இதைத்தான் கேப்பாங்க."

ஜெயலட்சுமி எட்டிப் பார்த்தாள். பெரார்கஞ்ச். போன ஐப்பசி. இருநூற்று அறுபது பேர்.

அந்த ஐப்பசியில் பெரார்கஞ்சில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள் அவள். அங்கேதான் அந்தப் படத்தைப் பார்த்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தார்ப்பாய்க்கு அடியில் மொத்தம் முப்பது பேர், இரண்டு நாய். நாயையும் சேர்த்தால் முப்பத்திரண்டு.

அப்புறம் நினைவுக்கு வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தபோது சிசிலியா சொன்னது. இவர் ரீல் மாட்டுவாரா, தலை எண்ணுவாரா? எண்ணிக்கைக் கட்டத்தை நான்தான் வீட்ல இருந்து நெரப்புதேன்க்கா. இருநூறுக்குக் கீழ போட்டா அந்த ஊருக்கு அடுத்த மாசம் வண்டி விடமாட்டானுவ. பாவம் அந்தப் புள்ளைக. மாதா சத்தியமா யாருட்டயும் சொல்லிராதீக.

ஜெயலட்சுமி சொல்லவில்லை. ஐந்து மாதம் பத்து நாள். அவள் சரித்திரத்திலேயே நீளமான மௌனம் அது.

இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். ஐந்து ஆதாரம் சரியாகிவிடும், கையெழுத்து விழுந்துவிடும், நாளைக்குக் கப்பல். சிசிலியாவுக்கும் கேடில்லை. வாயை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்ற நிலைமை அவளுக்கு வாழ்க்கையில் இதற்கு முன் வந்ததே இல்லை.

நீலாவதி ஸ்கேலை வைத்து அட்டவணைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கோடு கோணாமல் போட்டாள். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு மெட்ராஸில் நாலு பேர் முன்னால் உட்காரப் போகிறாள். முப்பது பேரை இருநூற்று அறுபது என்று சத்தியம் செய்யப் போகிறாள்.

"நீலா, அந்த எண்ணு பொய்யி."

"எந்த எண்ணு?"

"எல்லா எண்ணும். சிசிலியா வீட்ல ஒக்காந்து போட்டது."

சொல்லி முடித்தபோது மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். நீலாவதி அழவில்லை. ஸ்கேலை வைத்தாள். அட்டவணைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அதுவும் கோணாமல்தான் விழுந்தது.

"நாலு. பாராடாங்."

"பொறுட்டி."

"பொய்யின்னு எழுதினா மத்தியாஸ் அண்ணனுக்கு வேலை போகும். நெசமுன்னு எழுதினா நான் எதுக்குப் படிக்கணும்? விடுங்கம்மா."

ஜெயலட்சுமி நோட்டை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் படித்தது எட்டாவது. ஆனால் ஒருத்தர் பத்து வார்த்தை பேசினால் அதில் எந்த ஆறு நம்பத் தகுந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே காலத்தைக் கழித்தவள்.

"இது யார் கையெழுத்து?" எண்ணிக்கைக் கட்டத்தில் குண்டு குண்டாக நீல மை.

"சிசிலியாக்கா."

"இது?" கடைசிக் கட்டம். குறிப்பு என்று தலைப்பு. சின்னதாக, அவசரமாக, பென்சில். சில இடத்தில் மழைத்துளி பட்டு ஊறியிருந்தது.

"மத்தியாஸ் அண்ணன். எங்க ரீலை நிறுத்தினாங்கன்னு எழுதியிருக்கு. நான் அதை..."

"படி."

நீலாவதி படித்தாள்.

'பெரார்கஞ்ச். ஐந்தாவது ரீல். நிறுத்தினேன். தாலியைக் கழற்றினதும் ராஞ்சிக்காரர்கள் என்ன என்ன என்றார்கள். மங்கள்சூத்ர என்றேன். அமைதி.'

'பாராடாங். மூன்றாவது ரீல். தாய் அழுகிறது. மைக் எடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மைக்கை வைத்துவிட்டேன்.'

'பாராடாங், மறுநாள். அதே ரீல். நிறுத்தவே வேண்டாம்.'

'புரோத்ராபூர். கடைசி ரீல். கதாநாயகன் செத்துவிட்டானா என்று சண்டை. இல்லை என்று நாலு பாஷையில் சொன்னேன். நம்பவில்லை.'

நீலாவதி மேலே படிக்காமல் நிறுத்தினாள். பிறகு வாய்க்குள்ளேயே, வேகமாக, பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"ஆபீஸருக்காக எழுதினது நீல மை" என்றாள் ஜெயலட்சுமி. "இந்தப் பென்சிலு அடுத்த ஊர்ல எங்க நிறுத்தணும்னு அந்தாளு தனக்காக எழுதிக்கிட்டது. தனக்கே எவனாவது பொய் எழுதிக்கிடுவானா?"

"அம்மா, கூட்டம் எத்தனைன்னு எவளுக்கு வேணும்? எங்க நிறுத்தணும், எங்க நிறுத்த வேண்டாம்... கட்டுரையே இதுதாம்மா!"

இருபது நிமிஷத்தில் புது அட்டவணை. எந்த இடத்தில் மைக் தேவைப்பட்டது, எந்த இடத்தில் தேவைப்படவில்லை. அடியில் ஒரு குறிப்பு: பதிவேட்டின் ஆபரேட்டர் குறிப்புகள் மட்டும் பயன்படுத்தப்பட்டுள்ளன. எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிளம்பும்போது வேலிக்கு அப்பால் சிசிலியா நின்றாள்.

"எண்ணு வராது. பென்சிலு மட்டுந்தான்" என்றாள் ஜெயலட்சுமி.

"யாருக்கும் தெரியாதுல்லக்கா?"

"எனக்கும் நீலாவுக்கும் தெரியும். அதோட சரி."

துறைமுக ஆபீஸில் மணி நாலாக எட்டு நிமிஷம். திருநாவுக்கரசு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மனைவியும் மகளும் யாரோ மனுதாரர்கள் என்பது போல நிற்க வைத்துவிட்டு எண்ணினார். அடுத்த மேஜையில் சொக்கலிங்கம் என்கிற கிளார்க், பயணிகள் பட்டியலின் நகலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"ஆய்வு இதழ். ஒண்ணு. கமிட்டி அறிக்கை. ரெண்டு. கணக்கெடுப்பு. மூணு. இது என்ன, படம் வெட்டுதது. சரி, நாலு. பதிவேடு." அடியில் இருந்த குறிப்பைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "குறிப்பு மட்டும்னா? எண்ணிக்கை எங்க?"

"எடுத்துக்கலப்பா."

"ஏன்?"

"தேவைப்படல."

"அரைப் பதிவேடு அரை ஆதாரம். நாலரை."

"அப்பா!"

"அஞ்சுன்னு எழுதியிருக்காக. நாலரைன்னு எழுதல. எண்ணிக்கையை ஏன் விட்டேன்னு காரணம் சொல்லு, முழுசாக் கணக்குல எடுத்துக்கிடுதேன்."

நீலாவதி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நெட்டென நிமிர்ந்து, "காரணம் இருக்கு. சொல்ல மாட்டேன்" என்றாள்.

திருநாவுக்கரசு சிவப்புப் பென்சிலை எடுத்தார். மனிதர் மோசம் இல்லை. இந்தப் பெண்ணை மூன்று வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கியவர். ஆனால் சிவப்புப் பென்சில் கைக்கு வந்துவிட்டால் அவருக்கு யாரும் மகள் இல்லை. முனை பட்டியலில் பதினொன்றாவதாக இருந்த நீலாவதியின் பெயருக்கு மேலே வந்து நின்றது.

"சிசிலியா போட்ட பொய்க் கணக்குங்க அது!" என்றாள் ஜெயலட்சுமி. "முப்பது பேர் வந்தா இருநூத்தி அறுபதுன்னு போடுவா. அந்த ஊருக்கு வண்டி நிக்கக் கூடாதேன்னு. அதை எப்படிப் புள்ள எழுதுவா? நெசமா இருக்கதை மட்டும் எடுத்திருக்கா. இப்பச் சொல்லுங்க, நாலரையா அஞ்சா?"

தட்டச்சு இயந்திரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

"அஞ்சு" என்றார் திருநாவுக்கரசு. சிவப்பை வைத்துவிட்டு நீல மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். சொக்கலிங்கம் மறுபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

மறுநாள் கப்பலில் நீலாவதி போனாள். ஒன்பதாம் தேதி நேர்காணலில் மைக்கைக் கீழே வைத்த கதையைத்தான் முக்கால் மணி நேரம் கேட்டார்களாம். இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் தீவுக்கு லீவில் வந்தாளே தவிர, வீட்டுக்கு என்று வரவில்லை. நாலாவது லீவில் கூடவே ஒருவன் வந்தான், மாப்பிள்ளையாக. பாராடாங் உதயசூரியன் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. அந்த ஆவணியிலேயே மாயாபந்தரில் ஒரு பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். கப்பல் போன ஏழாவது வாரம் மத்தியாஸுக்கு உத்தரவு வந்தது. பதிவேடுகளைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கார் நிக்கோபார் தீவு ஆபீஸில் சேரவும். புரொஜக்டர் வேலை இல்லை, ஸ்டோர் வேலை.

சாமான் ஏற்றுகிற அன்று ஜெயலட்சுமி ஒரு தூக்கில் சாம்பார் சாதம் எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். சிசிலியா அதை வாங்கவில்லை.

"எனக்கும் நீலாவுக்கும் அதோட சரின்னீகளே அக்கா."

வீட்டுச் சாவியை ஜெயலட்சுமியைத் தாண்டிப் போய் நாலாவது வீட்டில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயலட்சுமிக்குத் திருநாவுக்கரசு மேல்தான் சந்தேகம். நான் யாருட்டயும் மூச்சு விடல என்று அவர் சத்தியம் செய்தார். நடைமுறைக்கு விரோதமாக அவர் சத்தியம் செய்ததால் அவள் பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பூட்டைத் திறந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி குடிவந்தது. பையனுக்குப் படவண்டியில் ஆபரேட்டர் வேலை போட்டிருக்கிறார்களாம். பெண் சின்னப் பெண், பாய் விரிப்பதற்கு முன்னாலேயே காப்பிப் பொடி கடன் கேட்டு வேலிக்கு வந்துவிட்டாள். எந்த ஊர், யார் வீட்டு ஆட்கள் என்று ஜெயலட்சுமி வழக்கப்படி விசாரித்தாள்.

"இவங்க தாய்மாமா ஒங்க வீட்டு ஐயா ஆபீஸ்லதான் இருக்காங்க அத்தை" என்றாள் அந்தப் பெண். "சொக்கலிங்கம் மாமா."